ஸ்டீயரிங் திருப்பினால் வரும் கீச் சத்தம்: மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்த அனுபவம்

எங்கள் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ரிவர்ஸ் எடுக்கும்போதும், குறுகலான இடத்தில் வளைத்துத் திருப்பும்போதும் நன்றாகக் கேட்கும். வேகம் பிடித்துவிட்டால் கேட்காது. வண்டி ஓடுவதில் எந்தக் குறையும் இல்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. அதனால் பலரும் செய்வதுபோல ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஸ்டீயரிங் என்பது அலட்சியம் செய்யக்கூடிய பாகம் இல்லை. காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் கீச் சத்தம், யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு ரப்பர் வளையத்திலிருந்தும் வரலாம், சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் மூட்டிலிருந்தும் வரலாம். இரண்டில் எது என்று தெரியும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ரேக் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்றார். பானட்டைத் திறக்கவில்லை, வண்டியைத் தூக்கவில்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "சத்தம் ஸ்டீயரிங்லதானே வருது" என்று பதில் வந்தது. ஸ்டீயரிங் ரேக் என்பது ஸ்டீயரிங்கின் சுழற்சியை இட-வல நகர்வாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பாகம், அந்தத் தொகுதியிலேயே விலை கூடியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கேட்கிறது என்பதால் ஸ்டீயரிங்கில்தான் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. நாம் கையில் பிடிக்கும் வளையத்திலிருந்து சக்கரம்வரை எத்தனை மூட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஸ்டீயரிங் காலம் (column), அதாவது வளையத்தைத் தாங்கும் தண்டு, கீழே இறங்குகிறது. அதன் முனையில், கோணத்தில் மடங்கியபடியே சுழலும் யுனிவர்சல் ஜாயிண்ட் வைத்த ஒரு சிறிய ஷாஃப்ட். அது நம் கால்மாட்டில் உள்ள தகட்டுச் சுவரில் ஒரு ரப்பர் சீல் வழியாக என்ஜின் பக்கம் போகிறது. அங்கே ரேக். ரேக்கின் இரு முனைகளிலும் டை ராட் என்ற கம்பி, அதன் முனையில் டை ராட் எண்ட் என்ற மூட்டு. அது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. நக்கிள் திரும்ப வேண்டுமானால் கீழே, அதை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் (கிண்ணத்துக்குள் குண்டு சுழலும் மூட்டு) சுழல வேண்டும், மேலே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வண்டியோடு சேரும் ஸ்ட்ரட் மவுண்டில் உள்ள பேரிங் சுழல வேண்டும். இதில் எந்த இடத்தில் உராய்ந்தாலும் சத்தம் இரும்பு வழியே மேலேறி வந்து நம் முகத்துக்கு நேராகக் கேட்கும். காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

மெதுவாகத் திருப்பும்போது மட்டும் ஏன் கேட்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. மசகு காய்ந்துபோன இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும்போது வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒட்டிக்கொள்ளும், விசை கூடியதும் விடுபட்டுத் துள்ளும், மறுபடி ஒட்டும். இது ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நடக்கும்போது அந்த அதிர்வு கீச்சென்று கேட்கிறது. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும் இப்படித்தான். நகர்வு மெதுவாகவும் மேலே அழுத்தம் அதிகமாகவும் இருக்கும்போதுதான் இந்த ஒட்டல் வலுவாக இருக்கும். வண்டியை நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இந்த இரண்டும் சேர்ந்து அமைகின்றன.

சரி, தேடலை எங்கிருந்து தொடங்குவது? முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை பவர் ஸ்டீயரிங் என்பது. பானட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் படம் போட்ட ஆயில் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் வகை. அதிலும் பெரும்பாலானவற்றில் பம்பை என்ஜின்தான் பெல்ட் மூலம் சுற்றும். டப்பாவே இல்லாவிட்டால் பெரும்பாலும் மின்மோட்டார் உதவும் எலெக்ட்ரிக் வகை. 1988-இல் சுசுகி செர்வோ என்ற காரில் வந்த இந்த முறைதான் இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் இருக்கிறது. எங்கள் காரும் அந்த வகைதான். அது தெரிந்ததும் பெல்ட், பம்ப், ஆயில் மூன்றும் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் மொத்தத் தேடலிலும் அதிகம் பலன் தந்தது. எதையும் கழற்றாமல், சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். வண்டி நிற்கும்போதா, நகரும்போதா? இடப்பக்கம் திருப்பும்போதா, வலப்பக்கமா, இரண்டுக்குமா? ஸ்டீயரிங்கின் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமா, முழுச் சுற்றிலுமா? காலைக் குளிரில் கூடுகிறதா, ஓடிச் சூடானதும் குறைகிறதா? மழையில் நனைந்த பிறகு என்ன ஆகிறது? ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போதும் கேட்கிறதா? பிரேக்கை அழுத்தினால் மாறுகிறதா? கண்ணாடியை இறக்கினால் சத்தம் கூடுகிறதா?

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் கண்ணாடியை இறக்கியதும் சத்தம் தெளிவாகக் கேட்டால் அது வெளியே பிறக்கிறது. ஏற்றினாலும் இறக்கினாலும் மாறாவிட்டால் உள்ளே பிறக்கிறது.

இப்படிக் கவனித்ததில் ஒன்று தெரியவந்தது. எங்கள் வண்டியில் இருந்தது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. ஒன்று மெல்லிய கீச். கால்மாட்டிலிருந்து வரும். ஸ்டீயரிங் ஒரு சுற்று சுற்றினால் ஒரே இடத்தில் ஒரு முறை கேட்கும். கண்ணாடி ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான். இன்னொன்று கொஞ்சம் தடித்த, முனகல் கலந்த கிறீச். முன்பக்க இடச் சக்கரத்திலிருந்து வரும். இரு பக்கமும் திருப்பினாலும் கேட்கும், வேகத்தடையில் ஏறும்போதும் சில சமயம் லேசாகக் கேட்கும். நல்ல மழையில் ஓட்டிய பிறகு காணாமல் போய்விடும், காய்ந்ததும் திரும்பி வரும். இரண்டும் சேர்ந்து ஒலித்ததால்தான் ஒரே சத்தமாகத் தெரிந்திருக்கிறது.

மழையில் அடங்கும் சத்தம் ஒரு நல்ல தடயம். தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில்தான் உராய்வு இருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் புஷ்களும் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்க வைக்கும் ரப்பர் உருளைகள்), மேலுறை கிழிந்த மூட்டுகளும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஈரம் கொஞ்ச நேரத்துக்கு மசகாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். சத்தம் போய்விட்டதே என்று அன்றைக்கு நிம்மதி அடையக் கூடாது. அதே ஈரம் உள்ளே துருவையும் வளர்க்கிறது.

உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரித்தாயிற்று. அதை உறுதி செய்ய முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிப் பார்த்தேன். சமதளமான கெட்டித் தரை, ஹேண்ட் பிரேக், கியர், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, இவை எல்லாம் வைத்த பிறகுதான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ கொண்டுபோகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவித்து, என்ஜினை ஓடவிடாமல் மெதுவாகத் திருப்பினேன். மெல்லிய கீச் அப்படியே இருந்தது. தடித்த கிறீச் சுத்தமாகக் காணவில்லை. எடை விலகியதும் மறைகிறது என்றால் அது எடையைச் சுமக்கும் இடத்தில், அதாவது சஸ்பென்ஷனில் இருக்கிறது. எடை இல்லாதபோதும் கேட்பது ஸ்டீயரிங் காலம் பக்கத்தில் இருக்கிறது. ஒரே சோதனையில் இரண்டு சத்தங்களும் பிரிந்து நின்றன.

உள்ளே இருந்ததை முதலில் முடித்தேன், அது சுலபம் என்பதால். தம்பியை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, கால்மாட்டில் டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். ஷாஃப்ட் தகட்டுச் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் சீலின் உதடு காய்ந்து, தூசி படிந்து கிடந்தது. சத்தம் வரும் நேரத்தில் விரல் நுனியால் அந்த உதட்டை லேசாக அழுத்தினால் சத்தம் மாறியது. எந்த இடத்தைத் தொட்டால் சத்தம் மாறுகிறதோ அந்த இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. ஈரத் துணியால் தூசியைத் துடைத்து எடுத்து, காயவிட்டு, சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசி, முழுவதுமாகச் சில சுற்றுகள் திருப்பினேன். கீச் நின்றுவிட்டது. அதன்பின் அங்கிருந்து சத்தமே இல்லை.

ஏன் சிலிக்கான் கிரீஸ் என்று கேட்கலாம். கையில் இருக்கும் சாதாரண கிரீஸும் என்ஜின் ஆயிலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. ரப்பரில் பல வகைகள் அவை பட்டால் உப்பி, இளகி, சீக்கிரம் கெட்டுப்போகும். சிலிக்கான் கிரீஸ் பெரும்பாலான ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுப்பதில்லை. ஸ்ப்ரேயாகக் கிடைத்தாலும் பெடல்களுக்குப் பக்கத்தில் கண்டபடி அடிக்காதீர்கள், பிரேக் பெடலின் மேல் வழுக்கினால் ஆபத்து. துணியிலோ விரலிலோ எடுத்துத் தடவுவதே நல்லது.

கால்மாட்டில் இல்லாமல், சத்தம் ஸ்டீயரிங் வளையத்துக்கு நேர் பின்னால் இருந்து வந்தால் வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, காலத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடி வளையத்தின் பின்புறத்தில் உரசுவது. மூடியைக் கையால் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருப்பினால் தெரிந்துவிடும். இன்னொன்று கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் சுற்றும்போதும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின் இணைப்பு அறுபடாமல் இருக்க, உள்ளே சுருளாக வைத்திருக்கும் பட்டை ஒயர் அது. அது தேய்ந்தால் சரசரவென்று சத்தம் வரும், ஹாரன் விட்டுவிட்டு அடிக்கும், ஏர்பேக் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தால் நீங்களாக வளையத்தைக் கழற்ற வேண்டாம். ஏர்பேக் வெடித்து விரியும் பொருள். பேட்டரி இணைப்பை எடுத்து, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மையம் தவறாமல் பொருத்தத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

இனி வெளியே இருந்த சத்தம். உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

வண்டியைத் திரும்பத் தரையில் இறக்கி, எடையோடு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தோம். முதலில் ஸ்ட்ரட் மவுண்ட். தம்பி மெதுவாகத் திருப்ப, நான் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். விரல்களைச் சுருள்களுக்கு நடுவில் விடக் கூடாது. மேலே உள்ள பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து சீராகச் சுற்றாது. முறுக்கேறி நின்று திடீரென்று விடுபடும். அப்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தமும் கையில் ஒரு துள்ளலும் தெரியும். எங்கள் வண்டியில் ஸ்பிரிங் வழுவழுவென்று சுற்றியது. மேலே பானட்டுக்குள் தெரியும் ஸ்ட்ரட் தலையிலும் கை வைத்துப் பார்த்தோம், அங்கேயும் நடுக்கம் இல்லை.

அடுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு மூட்டிலும் ஊன்றி, கைப்பிடியைக் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்யும் முறை இது, இதற்கென்றே ஸ்டெதாஸ்கோப்பும் கிடைக்கிறது. ஓடும் பெல்ட், ஃபேன் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. டை ராட் எண்டில் வைத்தபோது தூரத்தில் கேட்டது. லோயர் ஆர்மின் முனையில் பால் ஜாயிண்ட் பக்கம் வைத்தபோது கரகரவென்று காதுக்குள்ளேயே கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், அதன் ரப்பர் உறையில் ஓரமாக ஒரு கிழிசல். சுற்றிலும் பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. உறை கிழிந்ததும் உள்ளிருந்த கிரீஸ் வெளியே போய்விட்டது, தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்விட்டன. குண்டும் அதன் கிண்ணமும் வறண்டு உரசிக்கொண்டிருந்தன.

சந்தேகமே இல்லாமல் உறுதி செய்ய, கிழிசல் வழியாகக் கொஞ்சம் ஸ்ப்ரே லூப்ரிகன்ட்டை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்தேன். சத்தம் அப்படியே நின்றது. பலர் இதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேக்கள் நிலையான மசகுக்காக உருவானவை அல்ல. 1953-இல் ராக்கெட்டின் உலோகப் பரப்பைத் துருவிலிருந்து காக்க, ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டதுதான் அது. பால் ஜாயிண்டில் அடித்தால் மிச்சமிருந்த கிரீஸையும் இளக்கிக் கழுவிவிடும். சில நாள் அமைதி, அதற்குள் தேய்மானம் இன்னும் கூடியிருக்கும். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தலாம், சரிசெய்ய அது உதவாது. ஊசியால் குத்தி கிரீஸ் ஏற்றுவதையும் சிலர் சொல்வார்கள். ஏற்கெனவே மண் புகுந்து தேய்ந்த குண்டை எந்த கிரீஸும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

பால் ஜாயிண்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க மறுபடி வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டினோம். லேசான ஆட்டம் இருந்தது. ஆட்டுபவர் ஒருவர், அந்த நேரத்தில் மூட்டைக் கண்ணால் பார்ப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். ஏனென்றால் வீல் பேரிங் தளர்ந்திருந்தாலும் சக்கரம் இப்படி ஆடும். மூட்டில் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட், மூட்டு அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். எங்களுடையதில் டை ராட் எண்ட் இறுக்கமாகவே இருந்தது.

ஆட்டம் கண்ட பால் ஜாயிண்ட் எந்த நேரத்திலும் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். வந்தால் அந்தச் சக்கரம் மடங்கிவிடும், வண்டி நம் கட்டுப்பாட்டில் இருக்காது. கீச் சத்தத்தோடு 'டக்'கென்ற தட்டலும் சேர்ந்தால், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் நின்றால், நேரான சாலையில் வண்டி அங்கும் இங்கும் அலைந்தால், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

இந்த முறை போனது, வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் எதுவும் சொல்லாத ஒரு மெக்கானிக்கிடம். "என்ன கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லாதீங்க தம்பி, எப்போ எல்லாம் சத்தம் வருதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்கு அவர்மேல் அப்போதே மதிப்பு வந்துவிட்டது. அவரும் அதே மூட்டில்தான் வந்து நின்றார். எங்கள் வண்டியில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு ஒரே பாகமாக வருகிறது, தனியாக மாற்ற முடியாது. சில வண்டிகளில் போல்ட்டைக் கழற்றியும், சிலவற்றில் பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தும் மாற்றலாம்.

வேலை நடந்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எந்த ஒர்க்‌ஷாப்பில் செய்தாலும் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களை அன்று அவரிடம் கற்றுக்கொண்டேன். பால் ஜாயிண்டின் கூம்பு வடிவத் தண்டு நக்கிளில் இறுகிப்பிடித்திருக்கும். அதை எடுக்க, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் பயன்படுத்தினார். சுத்தியலால் கண்டபடி அடித்தால் பக்கத்து மூட்டின் ரப்பர் உறை கிழிந்து அடுத்த கீச்சுக்கு வழி பிறந்துவிடும். இரண்டாவது, லாக் நட்டும், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னும் புதியவை. பின் போடும் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கவே கூடாது. மூன்றாவதுதான் பலர் செய்யாமல் விடுவது. ஆர்மின் ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும்போது கையளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் சொன்ன அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முழுதாக இறுக்கினார். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். கொஞ்ச நாளில் அதுவே கிறீச்சிடும், பிறகு கிழியும். கடைசியில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், சரியா என்று பார்த்தோம். ஆர்மையோ டை ராட் எண்டையோ மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும்.

சத்தம் போனது மட்டும் இல்லை, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் கையில் தானாக வழுக்கிக்கொண்டு நேருக்குத் திரும்பியது. வறண்ட மூட்டு இத்தனை நாளும் அதை லேசாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. மெல்ல மெல்ல இறுகியதால் கைக்குப் பழகிப்போய், அந்த வித்தியாசம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணனுடைய பழைய கார் ஹைட்ராலிக் வகை. அதில் வந்த சத்தம் முற்றிலும் வேறு. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் வீலென்று அலறும். ஒரு பக்கமாக முழுவதும் ஒடிக்கும்போதுதான் பம்பின் மேல் சுமை உச்சத்தில் இருக்கும். அந்தச் சுமையில் பெல்ட், அது ஓடும் சக்கரமான புல்லியில் வழுக்கினால் இந்த அலறல் வரும். இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. என்ஜின் ஓடும்போது, தளர்ந்த உடையோ ஒயரோ அருகில் இல்லாமல், தூர நின்றபடி பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். சத்தம் ஒரு கணம் அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் இறுக்கம் போதவில்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். அண்ணன் வண்டியில் கூடியது. டென்ஷனரையும் பெல்ட்டையும் சேர்த்து மாற்றியதும் சரியாகிவிட்டது. பெல்ட்டில் வெடிப்பு இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் முதலில் தயங்கினார். இப்போது வரும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் அவ்வளவு சீக்கிரம் வெடிப்பதில்லை. டயர் தேய்வதுபோல அவற்றின் வரிகள் தேய்ந்து பள்ளம் பெரிதாகும், கண்ணுக்குப் புதிதுபோலவே இருக்கும். அந்தப் பெல்ட்டின் மேல் ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள், அழுக்கைப் பிடித்து இன்னும் வழுக்கும்.

அலறலாக இல்லாமல், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகலாக இருந்தால் ஆயிலைப் பாருங்கள். அளவு குறைந்திருக்கும், அல்லது நுரைத்திருக்கும். நுரை என்றால் எங்கோ காற்று புகுகிறது. குறைந்ததை நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. அது மூடிய சுற்று, கசிவு இல்லாமல் ஆயில் குறையாது. எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேட்டிலோ டப்பாவின் மூடியிலோ பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்கு வேறு வகை. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று கலந்தால் சீல்கள் கெடும். காற்றை எடுக்க, முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை அணைத்தபடி ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகப் பல முறை திருப்ப வேண்டும். ஆயில் இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே வர வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் என்ஜினை ஓடவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வகை வண்டியில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியில் ஒடித்துப் பிடித்தபடி ஐந்து நொடிக்கு மேல் நிற்காதீர்கள். ஆயில் அதிகமாகச் சூடேறி பம்பும் ஹோஸும் சீக்கிரம் போகும்.

ஸ்டீயரிங் சத்தம் என்று வந்துவிட்டு வேறொன்றாக முடிபவையும் உண்டு. முழுதாக ஒடித்து நகரும்போது 'டக் டக் டக்' என்று சக்கர வேகத்தோடு வந்தால் அது என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயிண்ட் (வளைந்தபடியே சுழலும் மூட்டு). உம்மென்ற இரைச்சல் வளைவில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். வளைவில் மட்டும் இரும்பு உரசும் மெல்லிய சத்தம் சக்கரச் சுற்றோடு விட்டுவிட்டு வந்தால், பிரேக் டிஸ்க்கின் பின்னால் உள்ள மெல்லிய தகடு வளைந்து உரசுகிறதா என்று பாருங்கள். கல் ஒன்று சிக்கினாலும் இப்படி வரும். பெயிண்ட் பூசிய வழவழப்பான தரையில் மட்டும் டயர் கிறீச்சிட்டால் எதையும் மாற்ற வேண்டாம், சாலைக்கு வந்ததும் அது கேட்காது.

இப்போது வண்டியைக் கழுவும்போதெல்லாம் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதாக ஒடித்து வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், டிரைவ் ஷாஃப்ட், ரேக் ஆகியவற்றின் ரப்பர் உறைகள் அந்த நிலையில் நன்றாகத் தெரியும். உறையைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு புதிதாகத் தெறித்திருந்தால், கீச் சத்தம் வருவதற்கு வெகு முன்பே அந்தக் கிழிசலைப் பிடித்துவிடலாம். உள்ளே மண் போவதற்கு முன் பிடித்தால், சில மூட்டுகளில் உறையையும் கிரீஸையும் மட்டும் மாற்றினாலே போதும். பிரஷர் வாஷரின் முனையை மட்டும் அந்த உறைகளுக்கு நேரே வைத்துப் பீய்ச்ச விடாதீர்கள்.